அமீருன்னிசாவின் பதினொரு மணி

தொலைக்காட்சியில் பந்து எறிகிறவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தால் அமீருன்னிசா தன் முக்காட்டை இழுத்துச் சரிசெய்கிறார். அவன் தோளை உருட்டினால் இவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறார். ஆஸ்திரேலியாவின் கிரான்பர்னில் காலை பதினொரு மணி. அமெரிக்காவில் முந்தின நாள் இரவு. இங்கத்தைய ஒன்பது மணிக்குத் தொடங்கிய பேஸ்போல் ஆட்டம் இப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. குசினியில் பருப்பு பொங்கி வழிகிறது. ஐம்பத்தெட்டு வயது அமீருன்னிசா கதிரையை விட்டு அசையவில்லை.

எந்த அணி என்று கேட்டால் பெயர் வராது. கண்ணூறு பட்டுவிடுமாம். "நம்மட புள்ளையள்" என்பார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்கூட இவர் பிறந்த இலங்கை அக்கரைப்பற்றைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

மூன்று வருடத்துக்கு முன் வலது முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை செய்து, கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ரிமோட் கை நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கணவர் ஜலீல் கடைக்குப் போயிருந்தார். தொலைக்காட்சியில் இந்த விளையாட்டு ஓடியது, மாற்ற வழியில்லை. விதி ஒன்றும் விளங்கவில்லை. எறிகிறவனுக்குக் கை நோகிறது என்பது மட்டும் விளங்கியது. டண்டினொங் கோழித் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வரிசையில் நின்று பொதி கட்டியவர். சோர்ந்த கை எப்படித் தொங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவனை உள்ளே எடுங்கள் என்று படுக்கையிலிருந்தே சொல்லிப் பார்த்தார். எடுக்கவில்லை. அடுத்த பந்து வேலிக்கு மேலால் போய்விட்டது. அன்று பிடித்தது இந்த வருத்தம்.

மகன் இன்ஷாப் கிரிக்கெட்காரன். உம்மா கட்சி மாறிவிட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவான். ஜலீல் இதற்கு வைத்த பெயர் தடியடி. பள்ளிவாசலால் திரும்பும்போது அவர் முதலில் உடுப்புக் காயப்போடும் கொடியைத்தான் பார்ப்பார். ஜன்னல் சீலைகள் காய்ந்தால் தோல்வி. அன்று சோற்றைத் தானே போட்டுத் தின்றுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். தோற்ற துக்கத்தை அமீருன்னிசா சீலை துவைத்துத்தான் ஆற்றுவார். சென்ற ஓகஸ்டில் அந்தச் சீலைகள் ஒன்பது தடவை நனைந்தன.

வெற்றியைக் கேட்டு இறைவனிடம் கையேந்துவதில்லை என்பது அவருடைய கட்டுப்பாடு. விளையாட்டுக்கெல்லாம் துஆக் கேட்பது மரியாதையில்லை. பிள்ளைகளின் கை கால் சுகத்தைக் கேட்கலாம், அதில் பிழையில்லை. எதிரணிக்கும் கேட்பீர்களா என்று இன்ஷாப் ஒருமுறை சீண்டினான்.

"அவங்களும் ஒரு உம்மா பெத்த புள்ளையள்தானே மனே. கேப்பன். கொஞ்சம் பிந்திக் கேப்பன்."

தொழுகை இப்போது கதிரையில்தான். சுஜூதுக்குத் தலையை மட்டும் தாழ்த்துகிறார். இடது முழங்காலும் சரியானால் நெற்றி நிலத்தில் படும். அவர் அல்லாஹ்விடம் தனக்கென்று கேட்பது இந்த ஒன்றைத்தான். சத்திரசிகிச்சைக்கு நாளும் கிடைத்தது. அதற்கு முன் இரத்த அழுத்தத்தை வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிவரச் சொன்னார்கள். தினமும் ஒரே நேரத்தில், சாய்ந்து ஆறுதலாக இருக்கும்போது என்று தாதி சொல்லிக்கொடுத்தார். நாள் முழுக்க அமீருன்னிசா சாய்ந்து உட்காருவது ஒரு நேரத்தில்தான். அந்த நேரத்தில் அளந்தார்.

கொப்பியைப் பார்த்த டொக்டர் சயந்தினி திரும்பவும் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. நூற்று எண்பத்திரண்டு. அங்கேயே ஒருமுறை அளந்தார், நூற்று முப்பத்தாறு.

"அன்ரி, பதினொரு மணிக்கு என்ன செய்யிறனீங்கள்?"

"ஒண்டுமில்ல மகள். சும்மா கதிரைல இரிக்கன்."

"சும்மா இல்ல," என்றார் பக்கத்தில் இருந்த ஜலீல். "தடியடி பாக்கிறவ."

டொக்டர் சிரிக்கவில்லை. இந்த நம்பரோடு மயக்கமருந்து கொடுக்க விடமாட்டார்கள். நாளைத் தள்ளினால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். இன்னும் ஒரு வாரம், அதே பதினொரு மணிக்கு, ஆட்டம் பார்க்காமல் அளந்துவரச் சொன்னார். அமீருன்னிசா தலையாட்டினார். அந்த வாரத்தின் ஏழாவது நாளில் பிள்ளைகளின் வருடமே தீர்மானமாகும் கடைசி ஆட்டம் என்பதை அவர் டொக்டரிடம் சொல்லவில்லை.

ஆறு நாளும் குசினியில் இருந்து அளந்தார். எண்கள் அடக்கமாக வந்தன. ஏழாம் நாள் காலையிலும் ஜலீலைக் கூப்பிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்தார். பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் விடக்கூடாதாம். சத்தம் வைக்கக்கூடாது, முடியும்வரை வாயும் திறக்கக்கூடாது. ஆறு நாளாக இதே வேலை பார்த்துவந்த ஜலீல், இதெல்லாம் ஒரு தலைவிதி என்று சொல்லிக்கொண்டே, யாரும் கேட்காமல் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

பதினொரு மணிக்கு அமீருன்னிசா குசினிக் கதவைச் சாத்தி, பட்டியைக் கையில் சுற்றிக் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. இயந்திரம் இறுக்கி, மெதுவாக விட்டது. நூற்று முப்பத்தெட்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, எண்ணைக் கொப்பியில் எழுதி மூடினார். இனிப் பார்க்கத் தடையில்லை. ஒரு கையை மேசையில் ஊன்றி எழும்பினார்.

கதவு திறந்தது. ஜலீல் நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை, தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கி வைத்திருந்தார்.

"எனக்கு ஏலா புள்ள. அடிக்கக் கடைசி ஆள் வந்து நிக்கிறான். நீ போய்ப் பாரு."

அவருடைய தோளுக்கு மேலால் கூடத்தில் திரை பச்சையாக மினுங்கியது. அமீருன்னிசா அதை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜலீலின் கையைப் பிடித்துத் தன் கதிரையில் இருத்தி, சட்டைக் கையை மேலே சுருட்டி, பட்டியைச் சுற்றி, பொத்தானை அழுத்தினார்.