காய்ந்த ஊரில் ஒரு பாம்புச் சட்டை

நனைந்த தேங்காய் நாரின் வாசனை. செடிக்கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அது மூக்கில் ஏறுகிறது. ஏறியதும், எங்கள் முன்னறை மூலையில் இருந்த கண்ணாடிப் பெட்டி வந்துவிடுகிறது. அதற்குள் சுருண்டு கிடந்த செம்மஞ்சள் பாம்பு வந்துவிடுகிறது. அதன் பால் கட்டிய கண்கள் வந்துவிடுகின்றன.

சிவகாசியில் ஈரத்துக்கு வாசனை உண்டு என்பதே பாதி நாள் மறந்துபோகும். இங்கே காற்று உதட்டை உரிக்கும், குதிகாலை வெடிக்க வைக்கும், உலர்த்திய துணியை அப்பளமாக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு மை, எங்கள் சோறு எல்லாம். மற்ற ஊர்க்காரர்கள் வானத்தில் மேகத்தைத் தேடுவார்கள். நாங்கள் அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அண்ணாந்து பார்ப்போம்.

பாம்பு என் மகளுடையது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருந்த வீட்டுக்காரர் ஒருநாள் பெட்டியைப் பார்த்து அலறியதில், வேறு வீடு கிடைக்கும்வரை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். அமெரிக்கச் சோளக்காட்டு இனம், விஷமில்லை, அரசாங்கத்தில் முறையாகப் பதிந்து வாங்கியது. இந்த மூன்றையும் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"ஏத்தா, நாய் பூனைன்னு ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?" என்றார் என் கணவர்.

"அதெல்லாம் கத்தும்ப்பா. இது உங்கள மாதிரி. வாயே தெறக்காது."

அவர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வெடிமருந்து கலக்கும் அறை அவர் பொறுப்பு. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். சூடேறினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் அவர் கண் எப்போதும் ஈரத்தைத் தேடும். கலவை அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்குகிற வழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது; இரும்புக் கேட்டைத் தொடாமல் படி ஏறமாட்டார். சமையல்கட்டில் ஒரு சொட்டு தண்ணீர் சிந்தியிருந்தால் துணி எடுத்துவிடுவார். குடை விரித்தபடி வீட்டுக்குள் யாராவது வந்தால் அன்றைக்குப் பேச்சு கிடையாது.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காய்ந்துகொண்டிருந்தது. தீபாவளி சீசன், ஆலை வேன் காலையில் வந்து ஹாரன் அடிக்கும். அப்படி ஒரு காலையில் பாம்பின் நிறம் மங்கியிருந்தது. கங்குமேல் சாம்பல் படர்ந்தது மாதிரி. கண்கள் நீலம் கலந்த வெள்ளையாய், பால் பவுடரைக் கரைத்து ஊற்றியது மாதிரி. மகள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன எலிகளில் ஒன்றைக் காட்டினேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சட்டை உரிக்கப் போகுதும்மா," என்றாள் மகள் போனில். "பாம்புக்கு இமை கெடையாது. கண்ணு மேலயும் ஒரு தோல் இருக்கு, சட்டையோட சேந்து அதுவும் கழலணும். ஈரம் இல்லாட்டி கண்ணுல ஒட்டிக்கிடும். பெட்டியில கெடக்குற நார்த்தூள நனைச்சுப் போடுங்க. ஓரத்துல ஈரத்துணி வையுங்க. நான் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன், வீடு கெடச்சிருச்சு."

செய்தி எதிர்வீட்டுக்குப் போயிற்று. எதிர்வீட்டு மதினி ஒரு டம்ளர் பாலோடு வந்து நின்றாள். பால் குடிக்காது என்றேன். தானே குடித்துவிட்டு, பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"தீவாளிக்கு நமக்கே இன்னும் துணி எடுக்கல. ஒங்க வீட்டுப் பாம்புக்கு அதுக்குள்ள புதுச்சட்டையா மதினி?"

அச்சகத்தில் தினத்தாள் காலண்டருக்குப் பிழை பார்ப்பது என் வேலை. காலையில் அவருக்கு முன்பே நான் கிளம்ப வேண்டும்; கிளம்புமுன் நாரை நனைத்துப் பிழிந்து பரப்புவேன். அறையே புதுமழை கண்ட தோப்பாகும். சாயங்காலம் வந்து பார்த்தால் நார் பொரிகடலைத் தோலாகக் கிடக்கும். துணி விறைத்திருக்கும். இம்புட்டுத் தாகமா இந்தக் காற்றுக்கு என்று வியந்து, மறுபடி நனைப்பேன். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

ஒருநாள் அச்சகத்தில் மின்சாரம் நின்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வானம் லேசாகக் கறுத்திருந்தது. மோர் மிளகாயை அள்ளலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினால், மிளகாய்க்குப் பக்கத்தில் பாம்பின் நார். கழிவாக வந்த அடுத்த வருடத்துக் காலண்டர் தாள்களை விரித்து, அதன்மேல் மெல்லிசாக, ஒரே சீராக, மருந்து உலர்த்துகிற கைப்பக்குவத்தில் பரப்பியிருந்தது. கொடியில் அந்த ஈரத்துணி, கிளிப் போட்டு.

சாயங்காலம் அவர் கேட்டைத் தொட்டுவிட்டு ஏறி வந்தார்.

"நாரை நீங்கதான் எடுத்தீகளா?"

"ஆமா. நசநசன்னு கெடக்கு. வாயில்லாச் சீவன், சளி பிடிச்சா சொல்லுமா? காலையில நீ கெளம்புனதும், வேன் வாரதுக்கு முன்ன மாடியில போட்டுருவேன். நீ வாரதுக்குள்ள திரும்ப எடுத்து வச்சிருவேன்."

"தெனமுமா?"

"ஒருநா விட்டதில்ல," என்றார். முகத்தில் அம்புட்டுப் பெருமை. பாம்பின் பக்கமே வரமாட்டேன் என்றிருந்த மனிதர், யாருக்கும் சொல்லாமல் அதை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் காய்ந்தது.

அதற்குள் பாம்பு உரிக்கத் தொடங்கிவிட்டது. காலுறையைப் போல முகத்திலிருந்து வால்வரை ஒரே உருவலாகக் கழல வேண்டிய சட்டை, துண்டு துண்டாகக் கிழிந்தது. வெங்காயச் சருகு போல அங்கங்கே தொங்கியது. அடியில் புது உடம்பு, இப்போதுதான் வார்த்த ஆரஞ்சு. கண்கள் மட்டும் சுருங்கிய கண்ணாடித்தாளுக்குப் பின்னால் இருந்தன.

நார் மாடியில் காய்ந்த கதையைச் சொல்லி, மகளுக்கு வீடியோவில் காட்டினேன்; கண்ணைக் கிட்டே காட்டச் சொன்னாள்.

"ரெண்டு கண்ணுலயும் நின்னுருச்சு. அடுத்த சட்டையும் இதுமேலயே சேந்தா கண்ணு போயிரும்மா. யாரும் நகத்த வச்சுப் பிச்சிராதீக."

"என்னாலயா தாயி?" என்றார் அவர், என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"இல்லப்பா. ஊர்க் காத்து அப்படி."

அவள் பொய் சொல்வது அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் ரசத்தைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மண்ணுருகப் பெய்தது. மழை நாளில் மருந்து கலக்கக் கூடாது, வேன் வரவில்லை. தெருவெல்லாம் உம்மென்று இருந்தது. சீசன் மழை என்றால் ஆர்டர் தேங்கும், வாசலில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சாரலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கையைக் கழுவினார். திரும்பத் திரும்பக் கழுவினார். நகக்கண்ணில், ரேகைகளில் ஊறிப்போன அலுமினியப் பொடியின் வெள்ளிச் சாம்பல் எந்தச் சோப்புக்கும் போவதில்லை. "இது பட்டா அதுக்கு ஆகுமா?" என்று என்னிடம் கேட்டார். பழைய பருத்தித் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவர் உள்ளங்கைகளைச் சுற்றிப் போர்த்தினேன். பாம்பைத் தூக்கி அதன்மேல் விட்டேன்.

பாம்பு ஈரத்துக்குள் தலையை நுழைத்தது. ஒரு மடிப்பில் புகுந்து மறு மடிப்பில் எட்டிப் பார்த்தது, மறுபடி புகுந்தது. அவர் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். துண்டு ஆறும்போதெல்லாம் கண்ணால் சைகை காட்டுவார், நான் வெந்நீர் தெளிப்பேன். வெளியே மழை, உள்ளே நார் வாசனை. எங்களுக்குள் அப்படியொரு நீண்ட பேச்சில்லாத மத்தியானம் வாய்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வால் நுனியில் இறுக்கியிருந்த பழைய தோல் வளையம் முதலில் கழன்றது. பிறகு, மழை தூறலாகிற நேரத்தில், பாம்பு துண்டின் ஓரத்தில் கன்னத்தைத் தேய்த்தது. அவர் விரல்மேல் ஏதோ ஒட்டியது. மீன் செதிளைவிடச் சிறியது, வட்டம், கண்ணாடி.

"ஏ புள்ள, இங்கன பாரு."

ஒரு கண் திறந்திருந்தது. கறுப்பாய், ஈரமாய், எங்களைப் பார்த்தது.

மற்றொன்று திறக்கவில்லை. மறுநாள் தோழியின் காரில் வந்த மகள் டார்ச் அடித்துப் பார்த்தாள். கையை வைக்க வேண்டாம், ஈரம் இருந்தால் அடுத்த சட்டையோடு சேர்ந்து கழன்றுவிடும், அதுவரைக்கும் பெட்டி உலரக் கூடாது, அவ்வளவுதான் என்றாள். எதிர்வீட்டு மதினி உரிந்த துண்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, பணம் சேருமாம் என்று பர்சில் வைத்துக்கொண்டாள்.

மழை விட்ட வானம் அதற்குள் வெளுத்துவிட்டது. வெயில் பளீரென்று அடித்தது. பாம்பு துணிப்பைக்குள், பை டப்பாவுக்குள், டப்பா மகள் மடியில். அவர் நனைத்த நாரை ஒரு கவரில் கட்டி அவள் காலடியில் வைத்தார். கை ஈரத்தை வேட்டியில் துடைக்கவில்லை.

"வெயில் ஏறுதுப்பா, உள்ள போங்க."

கார் நகரத் தொடங்கியபிறகு அவர் கூடவே நாலு எட்டு நடந்து, ஜன்னலில் குனிந்தார்.

"போற வழியில எங்கயாச்சும் நிப்பாட்டிப் பாத்துக்க தாயி. துணி காஞ்சிருந்தா தண்ணி தெளி. ஈரமாவே இருக்கட்டும்."