ளுஹர் நேரத்தில் உறைந்த சேர்வர்

டேட்டாபேஸ் பழுது பார்க்கிறவனின் தொழிலில் முக்கால்வாசி, திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா குந்தியிருப்பதுதான். என்னைப் போல இதைச் செய்து பிழைக்கிற பாவிகளுக்குத் தெரியும், பத்து நிமிடம் பார்த்தால் கண் திறந்தபடியே கனவு வந்துவிடும். எனக்குக் கடல்தான் வரும்.

பள்ளிக்குப் போனால் நிற்கும்

கல்முனையில் ஒரு இரத்தப் பரிசோதனை லெப். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். முந்தின மாதம்தான் அவருடைய சேர்வரில் டேட்டாபேஸின் புது வேர்ஷனைப் போட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு நாளும் பகலில் அது உறைந்து போகிறதாம். காலையில் போய்ப் பார்த்தேன், தங்கமாக ஓடியது. ஜன்னலால் வந்த காற்றில் கண் செருகியது. ஒரு பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு தொடங்கியது, அது முடியுமுன் அடுத்த பள்ளி, அதற்குள் இன்னொன்று. அந்த ஓசையில் மிதந்தபடியே ஹாஜியாரோடும் லெப் ஆட்களோடும் ளுஹர் என்கிற பகல் தொழுகைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் சேர்வர் கல்லாக நிற்கிறது. சொறிக்கல்முனையிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் ரிப்போட் எடுக்க வந்தவர்கள் கவுன்டரை மொய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் எல்லோரும் போன நேரம் உள்ளே இருந்தது கவுன்டரில் வேலை செய்யும் சிபானா மட்டும்தான். ஆண்கள் திரும்பிய பிறகுதான் அவள் பின்னறைக்குத் தொழப் போவாள். ஹாஜியார் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். "நாம பள்ளிக்குப் போனாத்தான் தம்பி இது நிக்குது. அப்ப ஆரு இதுல கை வெக்கிற?"

என் கெட்டித்தனம்

தேடிப் பார்த்ததில் ஒரு கள்ளன் அகப்பட்டான். சேர்வரில் புது வேர்ஷன், கவுன்டர் கொம்பியூட்டரில் அதோடு பேசுகிற மென்பொருள் பழைய வேர்ஷன். மாற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். மெமரி காணாதாக்கும் என்று மெஷினில் இருந்த மெமரி முழுவதையும் டேட்டாபேஸுக்கே கொடுத்தேன். வந்த விருந்தாளிக்கு முழு வீட்டையும் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரை வெளியே வளவில் நிறுத்தின மாதிரி வேலை. ஆனால் அப்போது எனக்கு அப்படித் தெரியவில்லை. பஸ்ஸில் என்னை நானே மெச்சிக்கொண்டு போனதில் இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போனது.

மறுநாள் சிபானா எனக்குப் போன் எடுத்தாள். சத்தம் போட்டுக் கதைக்கிற பிள்ளையில்லை அவள், என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். "காக்கா, முந்தி கொஞ்சம் இழுத்திழுத்துத்தான் நிண்டது. நீங்க வந்து போன பொறகு கெதியா, சட்டெண்டு நிண்டுடுது."

டயறியில் ஒரே நேரம்

வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஜும்ஆ தொழுகைக்காக அன்று பகலில் லெப்பைப் பூட்டிவிடுவார்கள், சிபானாவும் வீட்டுக்குப் போய்விடுவாள். ஹாஜியாருக்கு அது போதுமாக இருந்தது. மாதம் முடிய வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார். கடலுக்குப் போக ஏலாத வாப்பாவும் படிக்கிற இரண்டு தங்கச்சிமாரும் அவள் வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

நான் மறுபடி போனபோது, மருந்துக் கம்பெனி கொடுத்த டயறி ஒன்றை என் முன்னால் விரித்து வைத்தாள். சேர்வர் இழுக்கத் தொடங்கின நேரத்தை நாள் தவறாமல் குறித்திருந்தாள். பன்னிரண்டு இருபத்திரண்டு. பன்னிரண்டு இருபத்திரண்டு. பக்கம் புரட்டினாலும் அதே. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் பிழை விட்டா, ஒவ்வொரு நாளும் ஒரே நிமிசத்திலயா காக்கா விடுவன்?"

யாரும் இல்லாத நேரம்

என் கனவெல்லாம் கலைந்தது. மணி பார்த்து நடக்கிற வேலை அந்த மெஷினில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, டேட்டாபேஸைப் பிரதி எடுத்து வைக்கிற பெக்கப். அதற்குப் பன்னிரண்டு இருபது என்று நேரம் வைத்தவன் நான். அதை எடுக்கிற மென்பொருளும் பழைய வேர்ஷன், மாற்ற மறந்திருந்தேன். புது டேட்டாபேஸைப் பிடித்தால் விடத் தெரியாமல் நின்றது. மெமரியும் மிச்சமில்லை. கவுன்டரில் யாரும் தட்டாத வெள்ளிக்கிழமைகளில் ஒருமாதிரி முடித்துவிடும், மற்ற நாட்களில் மூச்சு நின்றுவிடும்.

பெக்கப்பை லெப் பூட்டிய பிறகு எடுக்கும்படி மாற்றினேன், மென்பொருளைப் புதிதாகப் போட்டேன், மெமரியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். கால்மணி நேர வேலை. எங்கள் தொழிலில் வைரஸ் என்று ஒரு சொல் இருக்கிறது, எந்தப் பிழையையும் அதன் தலையில் போடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஹாஜியாருக்குப் பக்கத்தில் சிபானா டயறியோடு நின்றாள். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

"பிழை என்ட, ஹாஜியார்" என்றேன். "எல்லாரும் தொழப் போற நேரம், மெஷின்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க எண்டு நினைச்சு அந்த நேரத்த நான்தான் வெச்சன்."

ஹாஜியார் டயறியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார், "மகள், பிழையா நினைச்சிட்டன், மனசுல வெக்காதீங்க. நீங்க வேலைய விட்டு நிக்க வேணாம், இஞ்சயே பாருங்க." என் பக்கம் திரும்பி, இனி வரத் தேவையில்லை என்று மரியாதையாகவே சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கவுன்டரைக் கடக்கும்போது சிபானா மெதுவாகக் கேட்டாள். "ஒருத்தரும் இல்லையெண்டா நினைச்சீங்க காக்கா? நான் இருந்தனே."

சேர்வர் இப்போது எந்தத் தொழுகை வக்துக்கும் நிற்பதில்லை என்று கேள்வி, அதைத் திருத்தினவனுக்குத்தான் அங்கே வேலை நின்றுபோனது.