நடை சாத்திய சாயங்காலம்

இன்று கரமனையில் எங்கள் தெருவில் ஒரு சாவு. அதனால் கோயில் மணி அடிக்கவில்லை. எனக்கோ, என் சின்ன வயதில் பிரதமர் சுட்டுக்கொல்லப்பட்ட நாளின் சாயங்காலம் அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது.

சேதி கேட்டதிலிருந்து அம்மா பேசவில்லை, அழவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்பா பயந்துபோய் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வாசலில் தெருவே விறைத்து நின்றது. அர்ச்சகர் பூசை செய்யாமலே நடையைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், தெருவில சவம் கிடந்தாத்தானே நடை அடைப்பீர்?" என்றார் அப்பா.

"டெல்லியில கிடத்தியிருக்காளே, அது யாராத்துச் சவம்? நம்மாத்துதான்." அர்ச்சகர் அம்மாவிடம் திரும்பினார். "அழு கோமதி. வாய்விட்டு அழு."

அம்மா "ஐயோ" என்று அலறினாள். கூடவே தெருவும் அழுதது.

அர்ச்சகர் வீட்டிலிருந்து காப்பி வந்தது. அம்மா ஒரு வாய் குடித்த பிறகுதான் அப்பா தரையில் உட்கார்ந்தார்.