மஞ்சள் தடவாத இன்லண்ட்

அறுபதுகளில் நான் பி.ஏ. படித்தபோது எங்கள் கல்லூரி ஞாயிற்றுக்கிழமைகளைச் சமூக சேவைக்கென்று பிடுங்கிக்கொண்டது. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்து போய், எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும். அதற்கென்று ஒரு நோட்டு. பேராசிரியர் கையெழுத்துப் போடுவார். எனக்கு அந்தக் கையெழுத்துதான் முக்கியமாக இருந்தது.

அங்கே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. தோல் கிடங்கில் வேலை செய்பவனை விரும்பிக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்தவள். அவளுடைய அப்பா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப்போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இப்போது மகன் பிறந்திருந்தான்.

“ஒருக்க வந்து பேரன் மொகத்தப் பாத்துட்டுப் போவச் சொல்லி எழுதுங்க தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

இன்லண்டில் எழுதி ஒட்டினேன். அவள் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். “மூலையில தடவிருவோம். நல்ல சேதில்லா.”

“விலாசம் இருந்தால் போதும், மஞ்சளெல்லாம் வேண்டாம்” என்றேன். படித்த திமிர். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தபால் பெட்டியருகே சட்டைப் பையிலிருந்து இன்லண்டை எடுத்தால், பேனா கசிந்து ஒரு மூலை முழுக்கக் கறுப்பு. மூலையில் கறுப்பு என்றால் சாவுச் செய்தி. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். வேறு வாங்கி எழுதச் சோம்பலாக இருந்தது. போட்டுவிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு நான் அவள் வீட்டில் இருந்தபோது, சந்துக்குள் ஒரு பெரியவர் அந்த இன்லண்டின் அனுப்புநர் விலாசத்தைக் காட்டிக் காட்டி வழி கேட்டு வந்தார். பிள்ளையோடு வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏளா, நீ இருக்கியா? அப்ப யாரு?”

“யாருக்கும் ஒண்ணுமில்லையே ஐயா!” என்றாள் மகள்.

கடிதம் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. மூலையைப் பார்த்தவர் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் ரயிலேறியிருக்கிறார். என் பேனாதான் கசிந்தது என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிரித்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

அவள் மகனை அவர் மடியில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “முந்தி ரெண்டு காயிதம் போட்டேனே, அதுக்கு ஏன் வரல?”

“அதுல மஞ்ச இருந்துச்சு” என்றார். “நீ நல்லாத்தான் இருக்கேன்னு பிரிக்காமயே பெட்டியில வச்சிட்டேன்.”