காலி நாற்காலியிடம் சொன்னது

ஜெராக்ஸக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை, அவ்வளவுதான் அவள் கடை. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பகுதியின் மனுக்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போயின. தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஓரடி தள்ளிக் கட்டிவிட்டான், எல்லாம். எந்த மனு எந்த மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று தலைப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "மூணு பக்கம் எழுதிட்டு வராதீங்க. ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. ரெண்டு கேட்டா ரெண்டும் கிடைக்காது" என்று வருகிறவர்களை அதட்டுவாள். அவள் பேச்சைக் கேட்டவர்களுக்குப் பாதி வேலையாவது நடந்தது. கேட்காதவர்கள் அடுத்த மாதம் அவளிடமே திரும்பி வந்தார்கள்.

அந்த நெடுஞ்சாலை ஆறு வழிச் சாலை. வீடுகளும் பஸ் நிறுத்தமும் ஒரு பக்கம். கடைகளும் ஆஸ்பத்திரியும் மூடிப்போன வாசகசாலையும் மறுபக்கம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குறுக்கே ஓட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெராக்ஸக்காவின் தங்கை மகள் அங்கே லாரியில் அடிபட்டுச் செத்தாள். இருபது வயது, ஒரே பெண். அதற்குப் பிறகுதான் நடைமேம்பாலம் கேட்டு அந்த வாசகசாலையில் ஒரு கூட்டம் சேர்ந்தது.

கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வேலையை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. முதலில் ஆயிரத்து நூறு கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தினமும் காலை பத்து மணிக்கு முறை வைத்து ஒருவர், தொகுதியின் சட்டசபை உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று கண்டக்டர் சட்டம் போட்டார். சண்டை கூடாது, கெஞ்சக் கூடாது. ஒரே வாக்கியம், ஒரே கேள்வி. உதவியாளர் சொல்கிற பதிலைத் தேதியோடு நோட்டில் எழுத வேண்டும். நோட்டு முழுக்க 'பார்க்கலாம்' என்றும் 'ஐயா வெளியூர்' என்றும் நிரம்பியது. நான்கு முறை கூட்டத்துக்கு அழைத்தும் உறுப்பினர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாவது முறை கண்டக்டர் வாசகசாலையின் பழைய கை வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து நடுவில் போட்டார். உறுப்பினர் பெயரை ஒரு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டினார்.

"வராட்டி போறாரு. இருக்கிற மாதிரியே நெனச்சுப் பேசுங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம். நான் யாரு, எங்க இருக்கேன், எனக்கு என்ன ஆச்சு, என்ன வேணும். அவ்வளவுதான். விசில் அடிச்சா உக்காந்துடணும். போட்டோ எடுத்து, பேசுனதை ஒரு பக்கத்துல எழுதி அவருக்கே அனுப்புவோம்."

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரே சிரிப்பு. கொத்தனார் நாற்காலிக்குக் கும்பிடு போட்டு "ஐயா, இளைச்சுட்டீங்களே!" என்றார். மூன்றாவது வாரத்துக்குள் சிரிப்பு ஓய்ந்துவிட்டது. எதிரே ஆள் இல்லை என்றால் மனிதர்கள் எவ்வளவு உண்மை பேசுகிறார்கள் என்பது ஆச்சரியம்தான். பால்காரம்மா பாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, முட்டிவலியையும் மருமகள் முகம் கொடுத்துப் பேசாததையும் சொல்லி அழுதுவிட்டாள்.

அவள் பேசி முடித்தபோது நாற்காலி அவள் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. அது திரும்பியதை யாரும் பார்க்கவில்லை. திரும்பி இருந்ததைத்தான் பார்த்தார்கள்.

"தரை சரிவு" என்றார் கண்டக்டர். கொத்தனார் பையிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி சரியாக நடுவில் நின்றது. அவர் அதை அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது ஜெராக்ஸக்கா நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். உட்காரும் பலகை, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் சூடாக இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. வெயில் வர வழியில்லை.

அந்த வாரம் ஒரு நாள் போன் செய்யும் முறை பால்காரம்மாவுக்கு. உதவியாளர் வழக்கம்போல 'பார்க்கலாம்' சொல்லிவிட்டு, "முட்டிவலி இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாராம். கண்டக்டர் அனுப்பிய தாளில் முட்டிவலி இல்லை. பாலத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அவர்தான் அடித்துவிட்டிருந்தார். "நமக்குள்ளயே எவனோ போட்டுக் குடுக்குறான்" என்றார் கொத்தனார். ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். அது பிடிக்காத விஷயம்தான், ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும்.

வாசகசாலையின் சாவி ஜெராக்ஸக்காவிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிறு மதியம், எல்லோரும் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தனியாக வந்து கூட்டிப் பெருக்கினாள். வேலை முடிந்ததும் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரு பாரம் இருந்தது. அவளும் தங்கையும் அடுத்தடுத்த வீடு, ஒரே அடுப்பு. மகள் போன பிறகு தங்கை பேசுவதே குறைந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்காருவாள், ஒருமுறைகூட எழுந்து பேசியதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பாள். "பஸ்ஸுக்குத்தானேக்கா கெளம்பினா? பஸ் இந்தப் பக்கந்தானே வரும்? அவ ஏன் குறுக்க ஓடினா?"

"தெரியலடி" என்பாள் ஜெராக்ஸக்கா. இரண்டு வருஷமாக அதே பதில்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்று நாற்காலியிடம் சொன்னாள். "கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. மனு வாங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரு. அந்தப் பக்கம் அவ நின்னுக்கிட்டிருந்தா. ஒரு நிமிஷம் பாத்துக் குடுத்துட்டுப் போகட்டும்னு கடை வாசல்லருந்து கையைக் காட்டி வான்னு கூப்பிட்டேன். லாரி தூரத்துல இருக்குன்னு நெனச்சேன். பெரியம்மா கூப்பிட்டான்னுதான் வந்தா." சொல்லி முடித்தபோது மனசு கொஞ்சம் லேசானது. காலி நாற்காலிதானே, என்ன செய்துவிடும்?

செவ்வாய்க்கிழமை போன் முறை அவளுக்கு. "இருங்க, ஐயா பேசணுமாம்" என்றார் உதவியாளர். அது வரைக்கும் நடக்காத காரியம். அவள் மனப்பாட வாக்கியத்தை ஆரம்பித்தாள்.

"அது தெரியும்மா" என்றது களைத்த ஒரு குரல். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு எந்தக் கையால கூப்பிட்டீங்க? வலது கையா, இடது கையா? அதை மட்டும் நீங்க சொல்லல."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குளிக்கும்போது கேக்குது. சபையில உக்காந்திருக்கும்போது கேக்குது. ரெண்டு நிமிஷம், அப்புறம் ஒரு விசில். உடனே அடுத்த ஆளு. டாக்டர் காதுல ஒண்ணும் இல்லங்குறாரு. அந்த நாற்காலியை எடுத்துடுங்கம்மா. சாவி உங்ககிட்டதானே இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமை அது அங்க இருந்துச்சுன்னா நானே வந்து அதுல உக்காந்துடுவேன். அது கேட்டதையெல்லாம் சொல்லிடுவேன். ஒண்ணு விடமாட்டேன். எனக்கும் இறக்கி வைக்கணுமில்ல?" கடைசியாகக் கேட்டார். "உங்க தங்கச்சி முன் வரிசைதானே?"

அதற்கடுத்த புதன்கிழமை சாலைகளுக்கான ஒதுக்கீடு சபையில் வாக்கெடுப்புக்கு வர இருந்தது. நாற்காலி இருந்தால்தான் அவர் வருவார்; இந்த ஞாயிறு விட்டால் பாலத்துக்கு இன்னும் ஒரு வருஷம். பயந்தவர்கள் நினைப்பதையெல்லாம் அவளும் நினைத்தாள். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம், காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம், நாற்காலிக் காலை உடைத்துவிடலாம். பாலம் அடுத்த வருஷம் வந்தால் என்ன குடிமுழுகிப் போகிறது? தங்கை போனால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை கடை வாசலில் நின்றபோது எதிர்ப்பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரி பைலை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையில் காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றாள். நான்காவது தடவை ஓடிவந்து சேர்ந்துவிட்டாள். ஜெராக்ஸக்காவுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டாள்.

நாலு மணிக்கு உறுப்பினர் வந்தார். உதவியாளரைத் தவிர யாரும் கூட வரவில்லை. போஸ்டரில் இருக்கிற முகத்தில் பாதிதான் இருந்தது. யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே போய்த் தன் பெயர் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பால் ஊத்துறவ" என்று ஆரம்பித்தார். "மூணாவது சந்துல இருக்கேன்." குரல் அவருடையதுதான். வார்த்தை, நிறுத்தம், நடுவில் மூக்கை உறிஞ்சியது, எல்லாம் பால்காரம்மாவுடையது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷம் ஆனதும் கண்டக்டரின் கை தன்னால் விசிலை வாயில் வைத்தது, வாய் ஊதியது. ஊதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உறுப்பினர் கண்ணைத் திறக்காமல் அடுத்த ஆளுக்குப் போனார்.

எழுந்து ஓட யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் வாயிலிருந்து போனது அந்த ஆளின் வாயிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசை மாறவில்லை. இஸ்திரிக்காரர், நர்ஸம்மா, கொத்தனார். ஜெராக்ஸக்கா தனியாகப் பேசிய நாளுக்கு முந்தின கூட்டத்தில் கடைசியாகப் பேசியவர் அவர்; அவருக்கு அப்புறம் யார் என்று அவளுக்குத் தெரியும். விசில் ஒலித்தது. உறுப்பினர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க" என்று அவள் எழுந்தாள். "அதை நான் சொல்றேன்."

நாற்காலியைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தே சொன்னாள். கம்ப்யூட்டர் நின்றதை, கையைக் காட்டியதை, லாரியை. "வலது கை" என்றாள் கடைசியில். "தெரியலன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். நான்தான்டி கூப்பிட்டேன்."

"அவ உன்னைப் பாத்தாளா?" என்று தங்கை கேட்டாள்.

"பாத்தா. சிரிச்சுக்கிட்டேதான் எறங்கினா."

தங்கை எழுந்தாள். அக்காவைக் கடந்து போய் உறுப்பினருக்கு எதிரே நின்றாள். அந்த வாசகசாலையில் அவள் குரலை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

"நான் செத்துப்போன பொண்ணோட அம்மா. முதல் சந்துல கடைசி வீடு. என் அக்கா கூப்பிட்டா, என் மக வந்தா. அதுல தப்பு என்ன இருக்கு? பெரியம்மா கூப்பிட்டா புள்ள வரத்தான் செய்யும். கூப்பிட்டவகிட்ட அவ உயிரோட வந்து சேரணும். அதுக்கு ஒரு பாலம் வேணும்." யோசித்து, "நன்றி" என்றாள். விசில் தேவைப்படவில்லை.

உறுப்பினர் கண்ணைத் திறந்தார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நின்னுடுச்சு" என்றார் நம்பாமல். கண்டக்டர் நோட்டை அவர் மடியில் வைத்தார். "புதன்கிழமை என்ன பேசுவீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா. 'பார்க்கலாம்'னு மட்டும் எழுதிடாதீங்க, அது ஏற்கனவே நிறைய இருக்கு." உறுப்பினர் எழுதினார். சொன்னபடி புதன்கிழமை எழுந்து பேசவும் பேசினார். ஒதுக்கீடு நிறைவேறி, அடுத்த வருஷம் பாலமும் எழுந்தது. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று சாயங்காலம் ஜெராக்ஸக்கா வாசகசாலையைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தபோது தங்கை சாலை ஓரத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். வழக்கமாக இருவரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். ஜெராக்ஸக்கா கையை நீட்டினாள். தங்கை அதைப் பற்றிக்கொள்ளவில்லை.

"அங்க அத்தனை பேர் முன்னாடி சொன்னது பாலத்துக்காகக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். நான் மொதல்ல போறேன். நீ பின்னாலருந்து கூப்பிடாத."

தங்கை சாலையில் இறங்கினாள். ஒரு லாரி வந்தது, இன்னொன்று வந்தது. ஜெராக்ஸக்கா உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, அவள் அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை நின்றாள்.