ஒரே கோப்பாய்க் கிடந்த கணினி

அப்போது நான் பதுளையில் ஒரு தேவாலய அலுவலகத்தில் எழுதுநராக இருந்தேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தேயிலைத் தோட்டத்து ஆட்கள், அடையாள அட்டை எடுக்க ஞானஸ்நானப் பதிவு கேட்டு வருவார்கள். ஒரு மழையில் கூரை ஒழுகிப் பழைய பதிவேடுகள் ஊறிப்போயின. நல்லவேளை, அதற்கு முன்பே யாழ்ப்பாணத்துக்காரரான என் மூத்த சக ஊழியர் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்திருந்தார். பழைய ஸ்கேனர் பழைய விண்டோஸில்தான் வேலை செய்யும் என்று, அலுவலகக் கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளால் உருவாக்கி, ஸ்கேன் படங்களை அதற்குள் வைத்திருந்தார். பிறகு அவர் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனார். அந்தக் கணினியும் பழுதாகிவிட்டது. உள்ளே இருந்த கணினிக்கு அவர் எடுத்துவைத்த பிரதி மட்டும் மிஞ்சியது. புதிதாக வந்த கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருந்தது.

நமுனுகுலயிலிருந்து ஒரு பெண் தன் பதிவு கேட்டுக் காலை பஸ்ஸில் வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிரதியைத் திறந்தேன். ஒரே ஒரு பெரிய கோப்பு. எதை அழுத்தினாலும் திறக்க முடியாது என்றே வந்தது. ஒரு கணினி முழுவதும் எப்படி ஒரு கோப்பாக இருக்கும்? வவுனியாவுக்குப் போன் எடுத்தேன்.

"அதை ஃபைல் எண்டு நினையாதேங்கோ, தங்கச்சி. அது ஒரு முழு டிஸ்க். லினக்ஸுக்கும் அப்பிடியே சொல்ல வேணும்" என்றார்.

அவர் சொல்லச் சொல்லக் கட்டளையைத் தட்டினேன். பிழை என்று வந்தது.

"டிஸ்க்கின்ர தொடக்கத்தில உங்கட படங்கள் இல்லை. முப்பத்திரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு பைட் தள்ளித்தான் தொடங்குது. அந்த எண்ணையும் போடுங்கோ. வாசிக்க மட்டும் எண்டும் போடுங்கோ, ஒண்டும் அழியாது."

ஏன் அந்த எண் என்று விளங்கவில்லை. முதலில் ஓர் இலக்கத்தைத் தவறவிட்டேன். இரண்டாம் முறை, இல்லாமல் போன கணினியின் கோப்புறைகள் திரையில் வரிசையாக வந்து நின்றன.

அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினேன். இரண்டு பதிவுகள் இருந்தன. அதே பெயர், அதே தாய் தகப்பன், அதே தோட்டம். இடையில் இரண்டு வருடம். முதல் பதிவின் ஓரத்தில் 'இறந்தது' என்று எழுதியிருந்தது. தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டேனோ என்று மீண்டும் மீண்டும் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளா? அம்மா சொன்னதே இல்லீங்களே, மிஸ்."

இரண்டு பதிவுகளின் வருடங்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"அப்போ நான் சொல்லிக்கிட்டு இருந்த வயசு அவளோடதா?"

"அப்படித்தான் போல, அக்கா" என்றேன்.

இரண்டாவது பதிவை அச்செடுத்து, பாதரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் எழும்பவில்லை.

"அவளோடதையும் ஒண்ணு குடுங்க, மிஸ்."

விண்ணப்பப் படிவத்தில் என்ன தேவைக்காக என்று ஒரு கேள்வி உண்டு. என்ன எழுதுவதென்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.