ஒரு சொட்டுத் தண்ணி

என் அக்கா ரூத்தை எங்கள் தெருவில் 'தண்ணி ரூத்து' என்றுதான் சொல்வார்கள். அவள் வாழ்நாளில் குடித்ததில்லை. சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசத்துக்கே மூஞ்சியைச் சுளிப்பாள். எத்தனாலையும் ஹெக்சேனையும் கலந்தால் கன அளவு எப்படி மாறுகிறது என்று அளப்பது அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. எத்தனால் சாராயத்தில் இருக்கிற சமாச்சாரம். ஹெக்சேன் பெட்ரோலுக்குப் பங்காளி. அம்மா சும்மா இருக்காமல் பக்கத்து வீட்டு நாச்சியம்மாளிடம், "என்ற பொண்ணு ஆல்கஹால்ல டாக்டர் ஆகப்போறாளுங்க" என்று பெருமையடித்தாள். அன்றைக்கே பட்டப்பெயர் வந்துவிட்டது.

கல்லூரியில் அக்காவுக்குச் சொந்தம் என்று கலவையை அளக்க ஒரு கண்ணாடிக் குழாயும் அதை முக்கிவைக்க ஒரு வெந்நீர்த் தொட்டியும் இருந்தன. தொட்டியின் சூடு இம்மியும் மாறக்கூடாது. கரண்ட் போனால் அன்றைய வேலை அத்தனையும் பாழ். அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

வந்த இரண்டு வரன்களும், பொண்ணு சரக்கில் ஏதோ பண்ணுகிறாளாம் என்று காபியைக் குடித்துவிட்டு நழுவிவிட்டன. அடுத்ததும் தட்டிப்போனால் ஆராய்ச்சிக்கு முழுக்கு என்றாள் அம்மா. முடிக்க விடாதவன் எனக்கு வேண்டாம் என்றாள் அக்கா. இரண்டும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

தொண்ணூற்றாறு கார்த்திகையில், மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் பங்க் நடத்தும் பாக்கியசாமி, மகன் பெனடிக்டை அழைத்துக்கொண்டு வந்தார். கேசரி முதல் வாய் இறங்கியதும் அக்காவிடமே விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தத் தண்ணி சமாச்சாரம்..."

"தண்ணியே ஆகாதுங்க மாமா. ஒரு சொட்டுப் பட்டாலும் எல்லாம் கெட்டுப்போயிரும்."

அவர் கேட்டது பாட்டில் தண்ணியை. அக்கா சொன்னது குழாய்த் தண்ணியை. அவர் முகம் மலர்ந்தது, அம்மா கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் அவளுக்கு வாய் நிற்காது.

"எத்தனால் அம்பது மில்லி, ஹெக்சேன் அம்பது மில்லி கலந்தா நூறு வராதுங்க மாமா. அரை மில்லி கிட்டக் கூடவே வரும்."

பாக்கியசாமி ஸ்பூனைக் கீழே வைத்தார். "சும்மாவே கூட வருமா? பெட்ரோல்லயும் வருமா கண்ணு?"

"அதுவும் அதே இனந்தானுங்களே."

"அப்பப் பாப்பா கல்யாணத்துக்கப்புறமும் ஆராய்ச்சி பண்ணட்டுமுங்க! நம்ம பங்க்லயே ஒரு ரூம் கட்டித் தாறேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா கேட்டது தட்டில் வந்து நிற்கிறது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் அவளை எனக்குத் தெரியும்.

"கன அளவுதானுங்க கூடும், எடை கூடாது. வண்டி ஒரு அடி சேர்த்தி ஓடாது. டேங்க்ல மழைத்தண்ணி இறங்குச்சுன்னா, ஆல்கஹால் பெட்ரோலை உட்டுப்போட்டுத் தண்ணியோட அடியில போய் உக்காந்துக்கும். வண்டி நடுரோட்டுல நின்னுரும்."

பெனடிக்ட் சிரித்துவிட்டான். "அட, அதானுங்களா! போன ஐப்பசி மழைக்கு நம்மகிட்டப் பெட்ரோல் போட்ட வண்டி ஒண்ணுகூடப் பக்கத்துல இருக்கற கல்லாறு தாண்டலைங்க!"

"டேய்!"

பாக்கியசாமி எழுந்தார். "பொண்ணு ரொம்பப் படிச்சுப்போட்டுதுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதும் போயிற்று, ஆராய்ச்சியும் போயிற்று.

பெனடிக்ட் வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டாமல் நின்றான்.

"ஆராய்ச்சி முடிய எவ்வளவு நாளாகுமுங்க?"

"ஒரு வருசமாச்சும் ஆகும்."

"ஆகட்டுமுங்க, நான் காத்துட்டு இருக்கறேன்."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தண்ணி?"

"தொடறதில்லைங்க."

"அப்பக் கலக்கும்" என்றாள்.

வெளியே கார் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. பெனடிக்ட் திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறிப்போன கேசரியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான்.